அஸ்மியா டீச்சரின் வலப்பக்கக் கதவு

கிண்ணியாவில் ஒரு பெண் கார் ஓட்டிச் சென்றால் இன்று எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஊரின் கண்ணை அவ்வாறு பழக்கியவர் யாரென்று கேட்டால், குறிஞ்சாக்கேணியிலிருந்து பெரியாற்றுமுனை வரை ஒரே பெயரைத்தான் சொல்வர்: அஸ்மியா டீச்சர். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவரல்லர். அவருடைய வகுப்பறைக்குச் சக்கரங்கள் உண்டு. பழைய வெள்ளைக் கார் அது. மாணவியர் பெரும்பாலும் பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, இனியாவது ஓரிடத்துக்குத் தாமாகப் போய்வர வேண்டும் என்று துணிந்து வந்தவர்கள்.

தாம் ஓட்டக் கற்ற கதையை அவரே சிரித்துச் சிரித்துச் சொல்வார். கணவர் நுஸ்கி தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வரும் லொறிக்காரர். விடிகாலையில் திரும்பும்போது அவருக்குக் கண் செருகும். தூக்கம் வராமல் இருக்கக் கதைத்துக்கொண்டு வரும்படி மனைவியைப் பக்கத்து ஆசனத்தில் ஏற்றிப் போவார். கதைகள் யாவும் தீர்ந்துபோன ஒரு பயணத்தில், ஹபரணைக் காட்டோரம் லொறி மெல்லச் சரிந்து பள்ளத்தில் முகம் வைத்து நின்றது. ஒருவருக்கும் காயமில்லை; கத்தரிக்காய் மட்டும் வழியெங்கும் உருண்டது. அதைப் பொறுக்கியபடியே அஸ்மியா சொன்னார்: "இனி நீங்க கதைங்க. ஓட்டுறத நான் படிக்கிறன்." சொன்னபடி முறையாகப் படித்து, அனுமதிப்பத்திரமும் பெற்று, கணவர் கதை சொல்லத் தாம் லொறி ஓட்டிய காலமும் உண்டு. பின்னர் அயல்வீட்டுப் பெண்கள் கேட்டனர். அவர்களைக் கண்டு அடுத்த தெருப் பெண்கள் கேட்டனர். லொறி போய்க் கார் வந்தது. காரின் நெற்றியில் எல் பலகை ஏறியது.

அவர் குரல் உயர்த்தி எவரும் கேட்டதில்லை. மாணவி பிழை செய்தால் தாம் திருத்துவதில்லை. காரையே திருத்த விடுவார். "அது என்ன சொல்லுது எண்டு கேளுங்க" என்பார். கியர் உறுமினாலும் கிளச் நடுங்கினாலும் அதற்கொரு பொருள் உண்டு என்பதும், செவி கொடுத்தவருக்கு அது விளங்கும் என்பதும் அவர் கொண்ட நெறி. ஒன்றே ஒன்றைத்தான் அவர் திரும்பத் திரும்ப வாயால் சொல்லிக் கொடுப்பார். அதுவே முதற்பாடம். நீண்ட அங்கியான அபாயாவின் கீழோரம் ஆசனத்திலிருந்து நழுவிக் கதவிடுக்கில் தொங்கும். அதை அறியாமல் சாத்தினால் கதவு துணியைக் கவ்விக்கொள்ளும்; பிரேக்கைத் தேடிப் போகவேண்டிய கால் கட்டுண்டு நிற்கும். ஆகவே, "ஓரத்த அள்ளுங்க, கதவச் சாத்துங்க, கண்ணாடியப் பாருங்க, பட்டியப் போடுங்க" என்பதை ஓதுவதுபோல் ஓதுவிப்பார்.

ஸல்ஹாவும் அதை ஓதியவள்தான். டீச்சரைவிட ஏழெட்டு வயது மூத்தவள். டீச்சர் அவளை 'ராத்தா' என்றார். மூத்த சகோதரியை அவ்வூர் முஸ்லிம்கள் அழைக்கும் முறை அது. அவளுடைய கணவர் ஸஜ்ஜாத் மீன் வியாபாரி. இறக்கக்கண்டியில் தோணிகள் கரைக்கு வரும் வேளையில் போய் ஐஸ் பெட்டிகளில் மீன் ஏற்றி, தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து ஒழுங்கைகளில் விற்று வருவார். மீன் ஏற்றிச் செல்வது ஒரு பட்டா. சிறிய லொறிக்கு அங்கே அதுதான் பெயர். சென்ற மாரியில் துறையில் வழுக்கி விழுந்ததில் அவருடைய முழங்கால் சிதைந்துவிட்டது. நடக்க முடிந்தது; கிளச் மிதிக்க முடியவில்லை. அவருடைய தம்பி அர்ஷாக் இதுவரை ஓட்டிக் கொடுத்தான். அவனுக்குக் கத்தாரில் வேலை சரிவந்து, அடுத்த கிழமை விமானம் ஏற இருந்தான்.

பட்டாவை வாங்குவதற்கு முள்ளிப்பொத்தானை ஆள் ஒருவர் வந்து பார்த்துப் போயிருந்தார். அன்று பின்னேரம் பதில் சொல்வதாக ஸஜ்ஜாத் வாக்குக் கொடுத்திருந்தார். அதே நாள் காலையில் நகரத்தில் ஸல்ஹாவுக்குச் சாரதிப் பரீட்சை, எல்லாரும் சொல்வதுபோல் சொன்னால் ட்ரையல். தேறினால் பட்டா வீட்டில் நிற்கும், மீன்தொழிலும் நிலைக்கும். தவறினால் இரண்டும் ஒருசேரப் படலை தாண்டிப் போகும். முன்பும் ஒருமுறை அவள் தவறியிருந்தாள். ஏற்றத்தில் காரை நிறுத்தி மீண்டும் எடுக்கச் சொன்னபோது இயந்திரம் அணைந்துவிட்டது. அணைந்தது இயந்திரம் மட்டுமன்று என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அன்று காலை சாரதி ஆசனத்தில் ஸல்ஹாவே இருந்தாள். கிண்ணியாப் பாலத்தின் மேல் காற்று வலுத்திருந்தது. இருபுறமும் நீர் வெயிலில் விரிந்து கிடந்தது. ஓரத்தில் தூண்டிலோடு நின்றவர்கள் எல் பலகையைக் கண்டதும் நன்றாக ஒதுங்கிக்கொண்டனர்.

"பாருங்க ராத்தா, எவ்வளவு மரியாதை" என்றார் டீச்சர்.

ஸல்ஹாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பாலம் இறங்கி வெள்ளைமணலைத் தாண்டியதும் அவள் வலக்காலை அசைத்துப் பார்த்தாள்.

"டீச்சர், என்ட கால என்னமோ இழுக்குது."

"ஓரத்த அள்ளினீங்களா?"

"பதட்டத்துல மறந்திட்டன்."

"ஒண்டுமில்ல. சிக்னலப் போட்டு ஓரமா நிப்பாட்டுங்க. துறந்து எடுத்திட்டு சாத்துங்க."

பூவரச நிழலொன்றில் கார் நின்றது. ஸல்ஹா கதவைத் திறந்தாள். துணி வரவில்லை, பூட்டின் வாய்க்குள் எங்கோ மாட்டியிருந்தது. அவசரத்தில் இரு கைகளாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். துணி கிழிந்து வந்தது. உள்ளே ஏதோ புரண்டது. கதவைச் சாத்தினாள். அது 'டொக்' என்று மோதித் திரும்பி வந்தது. மீண்டும் சாத்தினாள், மீண்டும் திரும்பி வந்தது. மூன்றாம் முறை ஓங்கி அடிக்கப் போனவளின் கையை டீச்சர் மெல்லப் பிடித்தார்.

"அடிக்காதீங்க. அதுக்கு நோகுது எண்டுதான் சொல்லுது."

இறங்கிச் சுற்றி வந்து கதவின் விளிம்பருகே குந்தினார். கார்க் கதவின் விளிம்பில் ஒரு சிறு வாய் உண்டு. அதனுள் வளைந்த இரும்பு நாக்கு ஒன்று உண்டு. எதிரே, காரின் உடலில், ஒரு கம்பி வளையம். கதவு சாத்தும்போது நாக்கு திறந்திருந்து வளையத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். இப்போதோ கதவு திறந்திருக்க, நாக்கு மூடிக் கிடந்தது. மூடிய வாய் வளையத்தை எவ்வாறு பற்றும்? கதவு பற்றாத காரை எந்தப் பரிசோதகரும் பரீட்சைக்கு எடுக்கமாட்டார். அதை ஸல்ஹா கேட்டறிய வேண்டியிருக்கவில்லை. பூவரச வேரின்மேல் அப்படியே அமர்ந்துவிட்டாள்.

"என்ட நசீபுல எழுதினது இவ்வளவுதான் டீச்சர். பட்டா போகட்டும்."

"பட்டா எங்கயும் போகல்ல. கதவு மட்டுந்தான் கோவத்துல இருக்குது" என்றார் டீச்சர், தலையைத் திருப்பாமலே.

அவ்வழியே வந்த முச்சக்கரவண்டி ஒன்று வேகம் தணிந்து நின்றது. ஓட்டி வந்தவர் கிண்ணியா முனீப்; டீச்சர் அவரைக் 'காக்கா', அதாவது அண்ணன், என்பார். இரு பெண்கள் காரைத் திறந்து வைத்துக்கொண்டு குந்தியிருக்கும் காட்சியைச் சும்மா விட்டுப்போக அவருக்கு மனம் வருமா?

"என்ன டீச்சர், பொம்புளையள்ட காருதானே. வெட்கத்துல வாய மூடிக்கிட்டா?"

"ஓம் காக்கா. நீங்களும் கொஞ்ச நேரம் மூடினீங்க எண்டா, அது என்ன சொல்லுது எண்டு எனக்குக் கேக்கும்."

முனீப் சிரித்தபடியே இறங்கி வந்தார். பார்த்தார், கதவை ஆட்டினார், தம் வண்டியிலிருந்து நைலோன் கயிறு ஒன்றை எடுத்து வந்தார்.

"இதால உள்ளுக்கிருந்து இழுத்துக் கட்டினா டவுன் வரைக்கும் போகலாம்."

"போகலாம். அங்க போய்ப் பரிசோதகரையும் கயித்தப் புடிச்சிக்கிட்டு வரச் சொல்லவா?"

"அப்ப ராத்தாவ நான் கொண்டு விடுறன்."

"ராத்தா போய் என்ன செய்ற? உங்கட ஆட்டோவுல காருக்கு ட்ரையல் குடுக்கவா?"

முனீப் கயிற்றைச் சுருட்டினார். அவர் நல்லவர்தான். நகரத்தில் கராஜ் வைத்திருக்கும் ஞானசேகரத்தின் எண்ணைத் தம் தொலைபேசியில் தேடி எடுத்து டீச்சரிடம் நீட்டினார். ஞானசேகரம் அப்போது நிலாவெளியில் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். மத்தியானத்துக்கு முன் வர ஏலாது என்றார்.

"நீங்க வரத் தேவையில்ல அண்ணன். ஒரு சத்தத்த மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்று டீச்சர் தொலைபேசியைப் பூட்டின் வாயருகே வைத்து, வெளிக் கைப்பிடியை இழுத்து விட்டார். உள்ளே மெல்லிய 'டிக்' ஒன்று எழுந்தது.

"திரும்ப ஒருக்கா" என்றது தொலைபேசி.

டிக்.

"அது கேட்டால் பூட்டு சாகேல்லை, தங்கச்சி. பிடியை விடுற சாமான் நல்லா வேலை செய்யுது. நாக்குத்தான் திரும்ப வரேல்லை. ஏதோ சிக்குப்பட்டிருக்கு. ஸ்குரூட்ரைவரைக் குடுத்து நெம்பிப்போடாதேங்கோ. உடைஞ்சால் பிறகு கொழும்பிலயிருந்துதான் எடுக்கவேணும். என்ன சிக்கியிருக்கு எண்டு முதலில பாருங்கோ."

டீச்சர் நன்றி சொல்லி வைத்தார். முனீப் தொலைபேசி விளக்கை எரித்துப் பிடிக்க, ஒரு கண்ணை மூடி உள்ளே நோக்கினார். நாக்கின் அடியில், அது சுழலும் அச்சைச் சுற்றி, கண்ணிமை மயிர் போல் கறுப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டார், விரல் நுனி பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தார். தேங்காய் எண்ணெய்.

விரலைத் துடைத்துவிட்டு, "இது என்ட வேலை" என்றார். கடற்காற்றில் கதவு கீச்சிடத் தொடங்கும்போதெல்லாம் குசினியிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து விட்டவர் அவர்தான். எண்ணெய் காய்ந்து பசையாகி, பறந்து வந்த மணலைப் பிடித்துவைத்திருந்தது. "ஓரத்த அள்ளுங்க எண்டு எல்லாருக்கும் ஓதிக் குடுத்தன். எண்ணெய ஊத்தாத எண்டு எனக்கு ஒருத்தரும் ஓதித் தரல்ல."

பிறகு எழுந்து ஸல்ஹாவின் பக்கம் திரும்பினார்.

"ராத்தா, உங்கட ஸ்காஃப் ஊசியக் கழட்டிக்கிட்டு இங்க வாங்க."

"நானா?"

"என்ட விரல் தடிப்பு. சூடை மீன்ல முள்ளுப் பொறுக்கிற விரல் உங்கட. நான் கைப்பிடிய இழுத்துப் பிடிக்கிறன். நீங்க அந்தக் கறுப்ப எடுங்க. நெம்பக் கூடா. முள்ளு எடுக்கிறமாதிரித்தான்."

ஸல்ஹா ஊசியைக் கழற்றி, தலைத்துணியின் முனையைக் கழுத்தில் செருகிக்கொண்டு குந்தினாள். ஊசி நுனி கறுப்பைத் தொட்டதும் விரல்களுக்கு வேலை தெரிந்துவிட்டது. எத்தனை பிள்ளைகளின் சோற்றில் எத்தனை முள் பொறுக்கிய விரல்கள் அவை! முள்ளை இழுத்தால் அறும். அதன் போக்கிலே போய், வளையும் இடத்தில் வளைத்து, தளரும் இடத்தில் தூக்க வேண்டும். அவ்வாறே செய்தாள். நூல் ஒன்று வந்தது. அவளுடைய அபாயாவின் நூல்தான், புதிது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது, அது பழையது. அதைத் தொடர்ந்து மண்ணிறத்தில் ஒன்று. பின்னர் நீலத்தில் ஒன்று, நுனியில் சிறு மினுக்கம் ஒட்டியபடி.

டீச்சர் அவற்றை உள்ளங்கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"இந்த நீலம் ஜெஸ்மின்ட. இதே கதவுல மாட்டிக் கிழிச்சிக்கிட்டு அழுதவ. இப்ப பாலர் பாடசாலைக்கு வேன் ஓட்டுறா. மண்ணிறம் சுஹைராட. உம்மாவ கிளினிக்குக்கு அவவேதான் ஏத்திக்கிட்டுப் போறா."

அப்படியானால், ஒவ்வொருத்தியும் இக்கதவுக்கு ஓர் இழை கொடுத்துவிட்டே போயிருக்கிறாள் என்று ஸல்ஹாவின் உள்ளம் எண்ணியது. பாடத்தை மறந்தவள் தான் ஒருத்தி மட்டுமல்ல என்பது அவளுக்கு எங்கிருந்தோ வந்த ஆறுதலாக இருந்தது. ஊசி மேலும் உள்ளே போயிற்று.

"இந்தக் கறுப்பெல்லாம் ஆர்ட?" என்றார் முனீப்.

"கறுப்ப எப்படி அடையாளம் சொல்ற? உங்கட வீட்டு ஆளுடையதும் இருக்கும்."

விளக்குப் பிடித்த கை ஆடியது. "என்ட வீட்டு ஆளா? அவ எப்ப வந்தவ?"

"காக்கா, வெளிச்சத்த நேராப் பிடிங்க. மத்தத வீட்ட போய்க் கேளுங்க."

முனீப் விளக்கை நேராகப் பிடித்தார். நூல்கள் வந்து முடிந்தும் பசை விடாமல் நாக்கைப் பிடித்திருந்தது. டீச்சர் கேட்டதும், முனீப் தம் வண்டியின் பின்னால் வைத்திருந்த போத்தலிலிருந்து பெற்றோலைக் கொண்டுவந்து தந்தார். பழந்துணியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். கறுத்த சாறு வழிந்தது. மணல் உதிர்ந்தது. டீச்சர் கைப்பிடியை இழுத்துப் பிடித்திருக்க, ஸல்ஹா ஊசிமுனையால் நாக்கின் ஓரத்தை இலேசாகத் தீண்டினாள். அது துயில் நீங்கியவர்போல் ஒருமுறை அசைந்து, பின் 'சடக்' என்று முழுதாகத் திறந்தது.

"நெம்பாம, இந்த ஸ்குரூட்ரைவரால மெல்லத் தள்ளி ஒருக்கா மூடிப் பாருங்க" என்றார் முனீப், தணிந்த குரலில். மூடியது. கைப்பிடியை இழுத்ததும் திறந்தது. பல முறை மூடித் திறந்து பார்த்தபின், டீச்சர் ஒதுங்கி நின்றார்.

"கதவச் சாத்துறது சாரதிட வேலை."

ஸல்ஹா ஏறி அமர்ந்தாள். கீழோரத்தை இரு கைகளாலும் அள்ளி மடியில் சேர்த்தாள். கதவைச் சாத்தினாள். அது இனிய மெல்லொலியோடு பற்றிக்கொண்டது. கண்ணாடியைப் பார்த்தாள், பட்டியைப் போட்டாள். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சீனக்குடாவைக் கடக்கும்போது துறைமுகத்துப் பக்கம் கப்பலொன்று நகராமல் நின்றது தெரிந்தது. டீச்சர் பரீட்சையைப் பற்றி எதுவும் பேசவில்லை. சூடை மீனில் முள் குறைந்த பருவம் எது என்று கேட்டார். ஸல்ஹா சொல்லிக்கொண்டே ஓட்டினாள். வழியில் கதை கேட்டே கண் விழித்து ஓட்டியவர் அல்லவா அவர்? எதைக் கேட்டால் ஒருத்தியின் கையிறுக்கம் தளரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பரீட்சை நடக்கும் இடத்தில் வரிசை பெரும்பாலும் கரைந்திருந்தது. ஸல்ஹாவின் பெயரை ஏற்கெனவே கூப்பிட்டு விட்டிருந்தார்கள். டீச்சர் போய், ஒளிக்காமல், வழியில் கதவு பழுதுபட்டதையும் திருத்தியதையும் சொன்னார். பரிசோதகர் நரைத்த மீசைக்காரர், பேச்சுச் சுருக்கம். "கடைசியா எடுக்கிறன். வாகனத்தைப் பார்த்துத்தான்" என்றார்.

அவர் காரைச் சுற்றி வந்தார். விளக்கு, ஹோன், பிரேக். சாரதிக் கதவைத் திறந்தார், சாத்தினார். வெளியிலிருந்து திறந்தார். உள்ளே இருந்து திறந்து காட்டும்படி ஸல்ஹாவிடம் சொன்னார். காட்டினாள். அவர் குனிந்து பூட்டின் வாயைப் பார்த்து மூக்கைச் சுருக்கினார்.

"பெற்றோல் மணக்குது."

"ஓம் சேர். எண்ணெயக் கழுவினது" என்றாள் ஸல்ஹா.

"ஆர் கழுவினது?"

"நாங்கதான் சேர்."

பரிசோதகர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இடப்பக்கம் ஏறி அமர்ந்தார். "எடுங்கோ" என்றார்.

கார் வளைவில் மறைந்தது. அஸ்மியா டீச்சர் சுவரோரம் நின்றார். மற்றப் பயிற்றுநர்கள் தேநீர் குடித்துக் கதைத்துக்கொண்டிருந்தனர். அவர் கண்ணை மூடிச் செவியைத் தெருவின் பக்கம் வைத்திருந்தார். எத்தனை மாணவியரை அனுப்பிவிட்டாலும் இந்நேரத்தில் அவருடைய உதடுகள் துஆவை மறப்பதில்லை. காரினுள் இருந்தால் ஒரு சொல்லாவது சொல்லலாம். வெளியே நிற்பவருக்கு இறைவனிடம் கேட்பதன்றி வேறு வழியில்லை.

ஏற்றத்தின் நடுவே பரிசோதகர் நிறுத்தச் சொன்னார். ஸல்ஹா நிறுத்தினாள். முன்பு அணைந்த அதே சரிவு. பின்னால் பஸ் ஒன்று வந்து ஹோன் அடித்தது. அவள் அதைக் கேட்கவில்லை, இயந்திரத்தைக் கேட்டாள். கிளச்சை மெல்ல விட்டாள். ஓரிடத்தில் காரின் முகம் சற்றே எழுந்து, ஒலி கனத்து, ஓர் ஆழ்ந்த நடுக்கம் காலுக்குள் வந்தது. இதுதான் அது சொல்வது என்று விளங்கியது. கைப் பிரேக்கை விட்டாள். ஒரு சாண் அளவும் பின்வாங்காமல் கார் மேலே ஏறிற்று.

திரும்பி வந்தபோது கார் நிறுத்தும் கோட்டுக்கு உள்ளே அமைதியாக நின்றது. பரிசோதகர் இறங்கித் தாளில் எதையோ எழுதி, "தற்காலிக லைசனை உள்ளுக்க போய் எடுத்துக்கொண்டு போங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். டீச்சர் ஓடி வரவில்லை; கட்டித் தழுவவுமில்லை. அருகில் வந்து, சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று குனிந்து பார்த்தார். நேராகவே நின்றன.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "வீட்டுக்கு எடுத்துச் சொல்லுங்க ராத்தா. அங்க ஒராள் தண்ணிகூடக் குடிச்சிருக்கமாட்டார்."

ஸல்ஹா அழைப்பெடுத்தாள். முதல் மணி ஒலித்து முடியுமுன்னே ஸஜ்ஜாத் எடுத்தார்.

"அந்த முள்ளிப்பொத்தானை ஆளுக்குச் சொல்லுங்க, பட்டா குடுக்கிறதுக்கு இல்ல எண்டு" என்றாள்.

மறுமுனையில் நெடிய மூச்சொன்று கேட்டது.

"அப்ப, நாளைக்கு ஐசுக்குச் சொல்லவா?"

"சொல்லுங்க. ரெண்டு பெட்டிக்குச் சொல்லுங்க" என்றாள் ஸல்ஹா.